ஊசி இறங்கும்போது எங்கே இருந்தீர்கள்?

எலும்பு மஜ்ஜை எடுக்கிற அறையில் பத்தொன்பது வருடமாக என் வேலை, சுருக்கமாகச் சொன்னால், கையைக் கொடுத்துவிட்டு நிற்பது.

டாக்டர் நோயாளிக்குப் பின்னால் நிற்பார், நான் முன்னால். நோயாளி ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருப்பார். இடுப்பெலும்பின் பின்பக்கம் முதலில் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு எலும்புக்குள் இறங்குகிற பெரிய ஊசி. அதன் வழியாக மஜ்ஜையைக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். தோலும் எலும்பின் மேல்பக்கமும் மரத்துவிடும், ஆனால் உள்ளே உறிஞ்சுகிற அந்தச் சில நொடிகளுக்கு மரக்கிற மருந்து எட்டாது. அதனால்தான் வேண்டும் என்கிறவர்களுக்குக் கையில் மயக்க மருந்து ஏற்றுகிறோம். முழு மயக்கம் இல்லை, கூப்பிட்டால் பதில் சொல்கிற அரைத்தூக்கம். அந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நடந்தது எதுவும் பிறகு நினைவிருக்காது.

தூக்கம் ஆழமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள, "இப்போ எங்க இருக்கீங்க?" என்று நான் அடிக்கடி கேட்பேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று மயக்கத்தில் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. ஒருவர் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பார். இன்னொருவர் இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு சோப்பைத் தேடுவார். ஏசி குளிரில், நீலத் திரை போட்ட அந்தச் சின்ன அறையில் நின்றபடியே நான் இந்த ஆற்றங்கரை முழுக்கச் சுற்றியிருக்கிறேன். இதை வாசிக்கிறவர்களில் அந்தக் கட்டிலில் படுத்தவர்களும் இருப்பீர்கள், வெளியே நாற்காலி நுனியில் காத்திருந்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, வலித்ததா இல்லையா என்கிற ஒரே ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

எறும்புக்கடி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரிடமும் ஒரே வசனம்தான் சொல்வேன். "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த அக்கா விட்டுப்போன வசனம் அது. முக்கூடல் பக்கத்து வாழை விவசாயி ஒருவர் வந்தார். திரும்பத் தனியாக பஸ்ஸில் போக வேண்டும், மயக்கம் வேண்டாம் என்றார். நான் வசனத்தைச் சொன்னதும், சுள்ளெறும்பா கட்டெறும்பா என்று கேட்டார். சுள்ளெறும்புதான் என்று கூசாமல் சொன்னேன்.

உறிஞ்சும்போது அவர் சத்தமே போடவில்லை. என் வலது கையை மட்டும் பிடித்து நெரித்தார். மோதிரம் விரலில் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. அன்றைக்கு இடது கைக்கு மாற்றிய மோதிரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கட்டுப் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்த பிறகு வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் ஈரம். கடைசியில் என் பக்கம் திரும்பி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "யம்மா, அந்த எறும்பு எந்த ஊரு எறும்புன்னு மட்டும் சொல்லுங்க, நான் அந்தப் பக்கமே போகாம இருந்துக்கிடுதேன்."

சாப்பிட்டாச்சு

மயக்க மருந்து கொடுக்க வேண்டுமானால் வயிறு காலியாக இருக்க வேண்டும். முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்து, வாயாலும் சொல்லி அனுப்புவோம். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். திருநீறு, வெளுத்த வேட்டி, சட்டைப் பையில் பேனா. நான் வாசலிலேயே கேட்டேன், சாப்பிட்டீங்களா சார் என்று. ஆச்சு ஆச்சு, திருப்தியா ஆச்சு என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு படித்தவர், தாளில் எழுதிக் கொடுத்தும் சாப்பிட்டுவிட்டு வருகிறாரே என்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவரை மறுநாள் வரச் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் மகள் ஓடிவந்தாள். ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். பிறகு ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பசியில் வாடிப்போன முகத்தோடு, எனக்குப் பாடம் எடுக்கிற தோரணையில் சொன்னார்: "ஒரு எடத்துக்கு வந்திருக்கோம், வாசல்லயே சாப்ட்டீங்களான்னு கேக்கீங்க, இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அன்றிலிருந்து, கடைசியாக வாயில் எதை வைத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று போலீஸ்காரர் மாதிரிதான் கேட்கிறேன். ஆனால் அவர் சொன்னது எனக்கு வேறொரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. வலித்ததா என்று கேட்டால் எல்லோரும் இல்லை இல்லை என்கிறார்களே, அதுவும் வந்த இடத்து மரியாதைதானோ? மயக்கத்தில் இருந்தவர் மறந்துவிடுகிறார், முழித்திருந்தவர் மரியாதைக்குச் சொல்கிறார். அப்படியானால் நான் யாரிடம்தான் கேட்பது?

கொக்கு நிற்கிறது

சேரன்மகாதேவி இசக்கிமுத்துவுக்கு முப்பத்து நான்கு வயது. நெல் அறுக்கிற இயந்திரம் ஓட்டுகிறவர். பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிகிற சமயத்தில் விடாத காய்ச்சல், பல் விளக்கினால் ரத்தம். ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். மனைவி பேச்சியம்மாள் தூக்குவாளியைக் கட்டிப்பிடித்தபடி வெளியே உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் ஏறும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மறுபடியும் வண்டி ஏறிவிடுவேனா என்று. முதலில் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அவர் எப்போதும் அளந்து பேசுகிறவர்.

மருந்து ஏறியதும் இமை தாழ்ந்தது. எங்கே இருக்கீங்க தம்பி என்றேன். வண்டியில் என்றார். எந்த வயல் என்றேன். ஆற்றங்கரை வயல் என்றார். குரல் மெத்தென்று, வெயில் காய்கிற மாதிரி இருந்தது. எனக்கும் அந்த வயல் தெரிந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். முற்றின கதிர், தூரத்தில் மலை நீலமாக.

டாக்டர் உறிஞ்சத் தொடங்கியதும் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. "நிறுத்து, ஏலே நிறுத்து, கொக்கு நிக்கு" என்று கத்தினார். வெளியே பேச்சியம்மாளுக்குக் கேட்டிருக்கும். டாக்டரின் கை ஒரு நொடி தயங்கி, பிறகு வேலையை முடித்தது. கொக்கு நிக்கு, கொக்கு நிக்கு என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. நான் துடைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, எப்போ ஆரம்பிப்பீங்க என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சிட்டா? வலிக்கவே இல்லியே யக்கா. நல்லா ஒரு தூக்கம் போட்டேன்."

அடி பிடிக்கிறது

உடன்குடி தங்கபுஷ்பத்துக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டிலேயே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவர். மருந்து ஏறியதும் அடுப்படிக்குப் போய்விட்டார். அடி பிடிக்குது, கிண்டு பிள்ளே, கைய நிறுத்தாத என்று எனக்கு உத்தரவு. கிண்டாவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் போலிருந்தது. அதனால் அவர் பிடித்திருந்த என் கையையே பைய வட்டமாகச் சுற்றத் தொடங்கினேன். அவர் கையும் கூடவே சுற்றியது. டாக்டர் முகமூடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். கருப்பட்டி காய்ச்சுகிறோம் சார் என்றேன். இடுப்பு அசையாமல் காய்ச்சுங்கள் என்றார்.

உறிஞ்சுகிற நேரம் அவர் முகம் சுருங்கி, தீயைக் குறை என்று பல்லைக் கடித்தார். குறைச்சாச்சு அக்கா என்றேன். முகம் விரிந்தது. அந்த அறையில் ஸ்பிரிட் வாடையைத் தவிர வேறு வாடையே கிடையாது, ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சுக்கும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்து மணத்தது. சிரட்டையில் ஊற்றியாயிற்று என்று நான் சொன்ன பிறகுதான் அவர் என் கையை விட்டார். பிறகு பாதிக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல கை உனக்கு. இன்னும் ரெண்டு கிண்டு கிண்டியிருந்தேன்னா பதம் தப்பியிருக்கும்."

விளம்பரம்

இசக்கிமுத்துவுக்குப் புற்றுநோய்தான் என்று முடிவு வந்து, மாதக்கணக்கில் வார்டில் இருந்தார். முடி கொட்டியது, வாய் புண்ணானது, பேச்சு மட்டும் குறையவில்லை. மஜ்ஜை எடுக்கப் பயந்து யாராவது அழுதால் அவர் கட்டிலுக்கு அனுப்பிவிடுவார்கள். அவரும் சலிக்காமல் எல்லோரிடமும் சொல்வார், அது ஒன்றுமே இல்லை என்று. நானே சிலரை அனுப்பியிருக்கிறேன். போய்விட்டு வந்து பேசாமல் படுத்துக்கொள்வார்கள், என் வேலை சுலபமாகிவிடும்.

அவர் கத்தினது எனக்குத் தெரியும். டாக்டருக்கும், கதவுக்கு வெளியே இருந்த பேச்சியம்மாளுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வார்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. பொய் சொல்கிறவரைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் இவர் பொய் சொல்லவில்லையே, நாங்களல்லவா அவரைச் சொல்ல வைத்திருக்கிறோம். ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது: "ஊசியா வே அது? நல்ல தூக்கம். கனவு வேற கண்டேன், என்ன கனவுன்னுதான் மறந்துட்டு."

பதினேழாம் வாய்ப்பாடு

கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். மயக்க மருந்து போட்டால் அன்று முழுக்க முக்கியமான எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் விதி. சாயங்காலம் விடைத்தாள் திருத்த வேண்டும், அதனால் மயக்கம் வேண்டாம் என்றார். தனக்கு ஒரு வழி இருக்கிறதாம். என்ன வழி என்று கேட்பதற்குள் படுத்து முழங்காலை மடக்கி, பதினேழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கிவிட்டார்.

ஓரேழு, ஈரேழு என்று நாமெல்லாம் பாடின சின்ன வாய்ப்பாடு இல்லை. குரல் பிசிறில்லாமல் போனது. மரக்கிற ஊசிக்கும் அசையவில்லை, பெரிய ஊசி எலும்பைத் தொட்டபோதும் அசையவில்லை. அறையே வகுப்பாகி, எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. உறிஞ்சுகிற நொடியும் பதினேழெட்டும் ஒன்றாக வந்தன. நூத்தி இருபத்தாறு என்று சொல்லி, ஒரு மூச்சை விழுங்கி, மேலே போய்விட்டார். முடிந்ததும் வலித்ததா டீச்சர் என்று கேட்டேன். அதெல்லாம் பரவாயில்லை என்று சேலையைச் சரிசெய்துகொண்டார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து என் காதோரம் சொன்னார்: "நூத்தி முப்பத்தாறு. நான் தப்பாச் சொன்னேன்னு வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்மா."

இங்கனதான்

புரட்டாசியில் இசக்கிமுத்துவுக்கு மறுபடி மஜ்ஜை எடுக்க நாள் குறித்தார்கள். நோய் போயிருக்கிறதா, ஒளிந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். போயிருந்தால் அடுத்த அறுப்புக்கு வண்டி ஏறலாம். இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அவர் வந்ததும் வராததுமாக, இந்தத் தடவை மயக்கம் வேண்டாம் என்றார். வலிக்காத ஊசிக்கு எதற்கு மயக்கம், என் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எடுக்கும்போது நானும் முழித்திருக்க வேண்டாமா என்று கேட்டார். டாக்டர், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த அறையில் மயக்கத்தில் பேசினது அந்த அறையை விட்டு வெளியே போகாது. நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி அது, அன்றைக்கு வரைக்கும் யாருக்காகவும் மீறினதில்லை. ஆனால் இவர் ஒன்றும் தெரியாமல் கட்டிலில் ஏறப் பார்க்கிறார். பயந்து ஓடிவிட்டால்? ஓடினால் நோய் காத்திருக்காது. ஓடாமல் படுத்து, நடுவில் வலி வந்து, நான் தெரிந்தே ஏமாற்றினேன் என்று என் முகத்தைப் பார்த்தால்? பக்கத்து அறையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். வலித்தது தம்பி, நீங்கள் கத்தினீர்கள், அழுதீர்கள், உங்களுக்கு நினைவில்லை.

அவர் தலையைத் தடவிக்கொண்டார். முடி அப்போதுதான் குத்துக்குத்தாக முளைத்திருந்தது. அப்படியானால் வார்டு முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறேனா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, நான்தான் உண்மையைச் சொல்லவில்லை என்றேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்றார். நிறுத்துலே, கொக்கு நிக்கு என்று சொன்னதைச் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். அறுக்கும்போது வெட்டுக்கிளி பறக்கும், அதைப் பிடிக்கக் கொக்குகள் வண்டிக்கு முன்னாலேயே நடக்கும். போன பிசானத்தில் ஒன்று விலகாமல் நின்றுவிட்டது. பார்த்துவிட்டார், நிறுத்த முடியவில்லை. பேச்சியம்மாளிடம்கூட அதைச் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது என்பதால் மனதில் அது கிடந்து உழன்றுகொண்டிருந்ததாம். என்னிடம் கேட்டார், "அன்னைக்குக் கனவுல வந்த கொக்கு பறந்துட்டாக்கா?"

பறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், யார் பார்த்தது? ஆனால் எறும்புக் கதை போதும் என்று தோன்றியது. தெரியவில்லை தம்பி, அதற்குள் டாக்டர் எடுத்து முடித்துவிட்டார் என்றேன். அவர் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மயக்கம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

நான் நடக்கப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் ஊசி எரியும். பிறகு அழுத்தும். பிறகு கால் வரைக்கும் ஒரு இழுப்பு வரும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும். உறிஞ்சும்போது என் கையைப் பிடித்தார். கண்ணை மூடவில்லை, நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை பொடித்தது. நான் பழக்க தோஷத்தில், இப்போ எங்க இருக்கீங்க தம்பி என்று கேட்டுவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, இங்கனதாங்க்கா இருக்கேன் என்றார். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பதிலைச் சொன்ன முதல் ஆள். நான் ஏழு எண்ணும்போது முடிந்துவிட்டது.

கட்டுப் போட்ட பிறகு கேட்டேன், மரியாதைக்குச் சொல்லாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள் என்று. அவர் என் கையைப் பார்த்தார். அவருடைய நகம் பதிந்து சிவந்திருந்தது. "வலிச்சுதுக்கா, நல்லாவே வலிச்சுது. போன தடவ வலிச்சத நீங்களே வச்சிக்கிட்டீங்க. இத நான் வீட்டுக்குக் கொண்டுட்டுப் போறேன்."

நாற்காலி நுனி

முடிவு வர இரண்டு வாரம் ஆனது. மஜ்ஜை சுத்தமாக இருக்கிறது, பிசான அறுப்புக்கு வண்டி ஏறலாம், தூசிக்கு முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேச்சியம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். நானும் மருந்து அலமாரியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

வெளியே அன்றைக்கு மஜ்ஜை எடுக்க வந்திருந்த வண்ணார்பேட்டைப் பாத்திரக் கடைக்காரர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வீட்டுக்குக் கிளம்பிய இசக்கிமுத்துவைப் பிடித்து, ரொம்ப வலிக்குமா என்று கேட்டார். நான் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். இசக்கிமுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. "வலிக்கும் அண்ணாச்சி. பத்து எண்ணுததுக்குள்ள போயிரும். கைய அந்த அக்காட்ட குடுத்துருங்க, அவங்க எங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க, எங்க இருக்கீங்களோ அதச் சொல்லுங்க."

ஆகவே, மயக்க மருந்து போட்டவர் வலியை மறந்துவிட்டுப் போகிறார், போடாதவர் வலியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார், இடையில் அகப்பட்ட என் வலது கைக்கு மட்டும் இதுவரை எந்த டாக்டரும் மருந்து எழுதித் தரவில்லை.